நட்சத்திரத்த படிச்சவர் நேருவ கேள்வி கேட்ட கதை

ஒரு வாசகர் கேட்டிருந்தார், பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கிறாராம். "சாஹா சமன்பாடு சிலபஸ்ல இருக்கு சார், அந்த சாஹா எம்.பி.யா இருந்தாருன்னு எங்கயோ படிச்சேன், ரெண்டும் ஒரே ஆளா, அப்படி இருந்தா பார்லிமெண்ட்ல போய் என்னதான் பேசினார்?"ன்னு. ஒரே ஆள்தான். மேக்நாத் சாஹா. அவர் சமன்பாடு பிறந்த விதத்த கொஞ்சம் நிதானமா பாத்தா பார்லிமெண்ட்ல ஏன் அப்படி பேசினார்ங்கிறதும் தானா புரியும்னு நினைக்கிறேன், அதனால ரெண்டையும் சேத்தே எழுதுறேன்.

டாக்கா பக்கத்துல ஒரு கிராமம், சின்ன கடை வச்சிருந்த குடும்பம், 1893ல பிறந்தவர். 1905ல வங்கப் பிரிவினைய எதிர்த்து கவர்னர் வருகைய புறக்கணிச்சதுக்காக ஸ்கூல்ல இருந்தே வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் கல்கத்தா பிரசிடென்சி காலேஜ், கூடப் படிச்சவர் சத்யேந்திரநாத் போஸ். 1920ல, 27 வயசுல, அந்த சமன்பாடு வெளிவந்துச்சு: வெப்பநிலையும் அழுத்தமும் தெரிஞ்சா ஒரு வாயுவுல எத்தன அணு எலக்ட்ரான இழந்திருக்கும்னு கணக்கு போடுறது அது.

அப்போ இருந்த புதிர் இதுதான். சூரிய கிரகணத்தப்போ எடுத்த நிறமாலை படங்கள்ல (ஒளிய நிறம் நிறமா பிரிச்சு எடுக்குற படம், ஒவ்வொரு தனிமத்துக்கும் அதுல தனிக் கோடு இருக்கும்) சூரியனோட விளிம்புக்கு மேல சுமார் 14,000 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் கால்சியத்தோட கோடு தெரியுது. அதுவும் சாதா கால்சியம் இல்ல, ஒரு எலக்ட்ரான இழந்த கால்சியம், அதாவது அயனி. எலக்ட்ரான பிச்சு எடுக்கணும்னா சூடு வேணும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. அப்படின்னா மேல போகப் போக சூடு கூடணுமே, அது எப்படின்னு யாருக்கும் பிடிபடல.

சூட்டு கணக்கையே எடுத்துக்கங்க. கால்சியத்துல இருந்து முதல் எலக்ட்ரான கழட்ட 6.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல ஆற்றல அளக்குற அலகு) வேணும். சூரிய மேற்பரப்போட வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின், அந்த சூட்டுல ஒரு துகளோட சராசரி இயக்க ஆற்றல் வெறும் முக்கால் எலக்ட்ரான் வோல்ட். எல்லா துகளும் ஒரே வேகத்துல ஓடாது, சிலது ரொம்ப வேகமா போகும்னு பதினொண்ணாம் கிளாஸ்லயே படிச்சிருப்பீங்க, ஆனா அந்த வேகமான கூட்டத்த எண்ணினாலும் லட்சத்துல ஒண்ணு அளவுக்குத்தான் தேறும். அப்போ எலக்ட்ரான் கழண்டு போறது ரொம்ப அபூர்வமா நடக்கணும். ஆனா வானத்துல பாத்தா கால்சியம் பூராவும் அயனியா நிக்குது.

சாஹா இங்கதான் கேள்விய திருப்பிப் போட்டார். எலக்ட்ரான் எவ்ளோ சுலபமா கழண்டு போகும்னு மட்டும் கேக்காதீங்க, கழண்ட எலக்ட்ரான் திரும்ப வந்து ஒட்ட எவ்ளோ நேரம் ஆகும்னும் கேளுங்க. தி.நகர்ல ஷேர் ஆட்டோவுல இருந்து ஒரு ஆள் இறங்கினா அடுத்த நிமிஷமே அந்த சீட்ல வேற ஆள் ஏறிடுவார், அதே ஆட்டோ ஆள் நடமாட்டமே இல்லாத ஹைவேல போகும்போது ஒருத்தர் இறங்கிட்டா சீட் காலியாவே கிடக்கும், இறங்குறவங்க ரொம்ப கம்மின்னாலும் ஏறுறதுக்கு ஆளே இல்லாததால கொஞ்ச நேரத்துல எல்லா ஆட்டோவும் காலி சீட்டோடதான் ஓடும். சூரியனோட மேல் அடுக்கு அந்த ஹைவே மாதிரி. அங்க வாயு ரொம்ப மெலிசு, அழுத்தம் ரொம்ப குறைவு, கழண்ட எலக்ட்ரானுக்கு ஒரு அயனி கிடைக்கிறதே கஷ்டம். வெப்பநிலை ஏறவே வேண்டாம், அழுத்தம் இறங்கினாலே போதும்.

இத அவர் வாயால சொல்லிட்டு விடல, எண்ணா கொடுத்தார். அவரோட 1920 சமன்பாட்டுல நீங்களே போட்டுப் பாருங்க: 6,000 கெல்வின், ஒரு வளிமண்டல அழுத்தம்னு வச்சா நூறு கால்சியம் அணுவுல சுமார் 8 தான் அயனியா இருக்கும். வெப்பநிலைய தொடாம அழுத்தத்த மட்டும் பத்தாயிரத்துல ஒரு பங்கா குறைங்க, நூத்துக்கு 99 அயனி ஆயிடும். எட்டு எங்க, தொண்ணூத்தொம்பது எங்க! எத்தன தடவ போட்டுப் பாத்தாலும் எனக்கு இதுல ஒரு சந்தோஷம் வருது.

சமன்பாடு சரிதானான்னு சோதிக்கவும் அவரே வழி சொன்னார். ருபிடியத்துல எலக்ட்ரான் இன்னும் சுலபமா கழண்டுடும், 4.2 எலக்ட்ரான் வோல்ட் போதும், அதனால சூரியனோட சாதாரண பரப்புல அது முழுக்க அயனியாகி அதோட கோடு காணாம போயிடும், ஆனா சூரியப் புள்ளிகள்ல சூடு கம்மி, அங்க தேடுங்க கிடைக்கும்னார். அமெரிக்காவுல ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல்னு ஒரு வானியலாளர் தேடினார், கிடைச்சுது. 1925ல சிசிலியா பெய்ன்ங்கிற வானியலாளர் இதே சமன்பாட்ட வச்சுத்தான் நட்சத்திரங்கள்ல பெரும்பகுதி ஹைட்ரஜன்தான்னு கண்டுபிடிச்சாங்க.

இப்போ கவனிங்க, 1920ல சாஹா கையில என்ன இருந்துச்சு? பெரிய டெலஸ்கோப் இல்ல, நல்ல நிறமாலைமானி இல்ல. கிரகண படங்கள வேற யாரோ எடுத்து அளந்து பத்திரிகையில போட்டிருந்தாங்க. அணுவுல இருந்து எலக்ட்ரான கழட்ட எவ்ளோ ஆற்றல் வேணும்ங்கிற எண்கள ஃபிராங்க், ஹெர்ட்ஸ் மாதிரி ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டிருந்தாங்க. எகர்ட்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் நட்சத்திரத்துக்குள்ள அணுவுல இருந்து எலக்ட்ரான் கழண்டு போறத பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தார், அத படிக்கும்போதுதான் சாஹாவுக்கு இந்த யோசனையே வந்துச்சு. எல்லாமே யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி அச்சுல இருந்த விஷயங்கள். அதுல ஒரு எண்ண யாராவது ரகசியம்னு பூட்டி வச்சிருந்தா கல்கத்தாவுல உக்காந்திருந்த அந்த இளைஞனால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது.

இனி பார்லிமெண்டுக்கு வருவோம். 1948ல அணு ஆராய்ச்சிய ரகசியமா வைக்கிற அணுசக்தி சட்டம் வந்துச்சு, நேருவே கொண்டு வந்தார். அப்பவே எஸ்.வி.கிருஷ்ணமூர்த்தி ராவ்னு ஒரு உறுப்பினர் எழுந்து, பிரிட்டன் சட்டத்துல ரகசியம் ராணுவ விஷயத்துக்கு மட்டும்தானே, இங்க ஏன் ஆராய்ச்சிக்கும் சேத்துன்னு கேட்டார், அமைதிக்கான பயன்பாட்டையும் ராணுவ பயன்பாட்டையும் எப்படி பிரிக்கிறதுன்னு தனக்குத் தெரியலன்னு நேரு பதில் சொன்னார். அதே வருஷம் அமைச்ச அணுசக்தி கமிஷன்ல ஹோமி பாபா தலைவர், பட்நாகரும் நம்ம விருதுநகர் பக்கத்து வத்திராயிருப்புல பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் உறுப்பினர்கள். சாஹா அதுல இல்ல.

1952 தேர்தல்ல சாஹா வடமேற்கு கல்கத்தாவுல இடதுசாரிகள் ஆதரவோட நின்னு ஜெயிச்சார். சபையில 489 சீட், அதுல காங்கிரஸ் மட்டும் 364. அதிகாரபூர்வமான எதிர்க்கட்சித் தலைவர்னே யாரும் கிடையாது. அந்த நிலையில ஒரு தனி உறுப்பினர் அரசாங்கத்த தோக்கடிக்கவெல்லாம் முடியாது, அவர் கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணு: மந்திரிய எழுந்து நின்னு பதில் சொல்ல வைக்கிறது. அந்த பதில் அச்சுல ஏறிடும், அப்புறம் யாராலயும் நான் அப்படி சொல்லலன்னு சொல்ல முடியாது.

1954 மே 10ஆம் தேதி லோக்சபாவுல அணுசக்தியோட அமைதிப் பயன்பாடு பத்தி விவாதம், ஆரம்பிச்சு வச்சவர் சாஹா, பதில் சொன்னவர் நேரு. சாஹாவோட வாதத்த சுருக்கினா, இந்த ரகசிய சட்டத்த தூக்கி எறிங்க, பல்கலைக்கழகங்கள உள்ள விடுங்க, ஆள பயிற்றுவிங்க, காச ஒழுங்கா ஒதுக்குங்கங்கிறதுதான். சமன்பாட்ட படிச்சிட்டு இந்த பேச்ச படிச்சா ரெண்டும் ஒரே மனசுல இருந்து வந்ததுன்னு தெரியும். பாபாவுக்கும் இவருக்கும் உரசல் இருந்துச்சு, இவர் கல்கத்தாவுல கட்டின அணு இயற்பியல் நிலையத்த விட பாபா இருந்த பம்பாய் பக்கம் பணமும் கவனமும் போச்சுங்கிற வருத்தமும் இருந்துச்சு, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா சொந்த வருத்தம் இருக்கிறதால ஒருத்தர் கேக்குற கேள்வி தப்பாயிடாது, பதில் வேணும்தானே.

எதிர்த்துப் பேசினார்ங்கிறதுக்காக அரசாங்க வேலைய ஒதுக்கினவரும் இல்ல. அதே காலத்துல அரசாங்கம் அமைச்ச நாட்காட்டி சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பூமியோட அச்சு மெதுவா சுத்துறதால நம்ம பஞ்சாங்கத்துல பருவங்கள் 23 நாளுக்கு மேல தள்ளிப் போயிடுச்சு, பகலும் இரவும் சமமா இருக்கிற மார்ச் 21 பக்கம் வரவேண்டிய சித்திரை ஒண்ணு ஏப்ரல் 14ல வருதுன்னா காரணம் அதுதான். எதுக்கெடுத்தாலும் ராகுகாலம் பாக்குற பழக்கத்த இன்னிக்கும் பாக்குறப்போ சாஹா மாதிரி ஒருத்தர் சபையில எழுந்து கேக்க மாட்டாரான்னு எனக்கு ஏக்கமா இருக்கு. 2020-21ல ஆராய்ச்சிக்கு நாட்டோட மொத்த உற்பத்தியில 0.64 சதவீதம்தான் செலவு பண்ணோம்ங்கிறதையும் அவர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

விவாதத்தோட விளைவு என்னன்னா, அவர் கேட்டது நடக்கல. 1954 ஆகஸ்ட்ல அணுசக்தித் துறைன்னு தனியா ஒண்ணு உருவாச்சு, நேரா பிரதமருக்குக் கீழ. 1956 பிப்ரவரி 16, டெல்லியில திட்டக் கமிஷன் ஆபிசுக்கு நடந்து போற வழியில சாஹா மாரடைப்புல இறந்துட்டார். 1962ல வந்த புது சட்டம் ரகசியத்த இன்னும் இறுக்கிடுச்சு. அந்த மே 10 விவாதம் பார்லிமெண்ட் டிஜிட்டல் லைப்ரரியில யாரும் படிக்கிற மாதிரி இருக்கு, கேள்வி கேட்ட தம்பி முதல்ல சாஹா பேசினத படிங்க, அப்புறம் நேருவோட பதில படிச்சுட்டு எந்தக் கேள்விக்கு பதில் வந்துச்சு எதுக்கு வரலன்னு பென்சில்ல குறிச்சுப் பாருங்க.