அரிய புற்றுநோயா? அதே நோயோடு வாழும் இன்னொருவரைத் தேடுங்கள்

"இப்படி ஒரு பேரையே நாங்க கேள்விப்பட்டதில்லையே டாக்டர்." அரிய வகைப் புற்றுநோய் என்று உறுதியானதும் பெரும்பாலான குடும்பங்கள் என்னிடம் சொல்வது இதைத்தான். மார்பகப் புற்றுநோய் என்றால் சொந்தபந்தத்தில், வேலை செய்யும் இடத்தில், அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் அதைக் கடந்து வந்திருப்பார், அவரைப் பார்த்தாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நியூரோஎண்டோகிரைன் கட்டி, லியோமையோசார்கோமா, அட்ரினல் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்றெல்லாம் பெயர் வரும்போது கைகாட்ட ஆள் கிடையாது. என்ன சிகிச்சை, எத்தனை நாள், பிழைப்பேனா என்ற கேள்விகளோடு யாருமே இல்லாத இடத்தில் தனியாக மாட்டிக்கொண்ட உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தனிமையில் பாதியைத்தான் மருத்துவரால் போக்க முடியும். மீதியை அதே நோயோடு வாழும் இன்னொருவரால்தான் முடியும், அதனால் நல்ல மருத்துவரைத் தேடுகிற அதே மெனக்கெடலோடு அவரையும் தேடுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாகப் புதிதாக வந்தால் ஐரோப்பாவில் அதை அரிய புற்றுநோய் என்பார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 பேருக்கும் குறைவு என்று வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட நோய்கள் கிட்டத்தட்ட 200 இருக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் ஐரோப்பாவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இவைதான். ஆக, ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இந்த நோயாளிகள் எங்களிடம் வந்து சேரும்போதே களைத்துப்போய்த்தான் வருகிறார்கள். நியூரோஎண்டோகிரைன் கட்டி என்பது ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாவது, குடலில் வந்தால் சில சமயம் அதுவே ஹார்மோன்களைச் சுரக்கும். திடீரென்று முகம் சூடாகிச் சிவக்கும், வயிற்றுப்போக்கு இருக்கும், சிலருக்கு மூச்சு இழுக்கும். இதை மாதவிடாய் நிற்கிற காலத்துத் தொல்லை என்றும், குடல் கோளாறு என்றும், ஆஸ்துமா என்றும் நினைத்து வருடக்கணக்கில் சிகிச்சை எடுத்தவர்கள் உண்டு. "ஒண்ணும் இல்ல, எல்லாம் டென்ஷன்தான்" என்று கேட்டுக் கேட்டு, தன் உடம்பு சொல்வதைத் தானே நம்பாத நிலைக்கு வந்துவிட்டவர்கள். தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் சார்கோமாவில் கதை வேறு: கொழுப்புக் கட்டிதானே என்று ஸ்கேன்கூட எடுக்காமல் வெட்டி எடுத்துவிடுவார்கள், பயாப்ஸி முடிவு வந்த பிறகு அதே இடத்தில் இன்னும் பெரிய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாகிவிடும். (5 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, இதில் எதுவாக இருந்தாலும் கத்தி வைக்கும் முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதை மட்டும் நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.) இப்படி அலைந்து வந்தவரிடம் "எனக்கும் இதே மாதிரிதான் ஆச்சு" என்று ஒருவர் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் மாற்றத்தை நான் எவ்வளவு பொறுமையாக விளக்கினாலும் கொண்டுவர முடிவதில்லை.

ஆறுதல் மட்டும் இல்லை, விஷயமும் கிடைக்கிறது. என்னிடம் வரும் ஒரு பெண்மணி நியூரோஎண்டோகிரைன் கட்டிக்காக மாதாமாதம் ஹார்மோன் சுரப்பைக் கட்டுப்படுத்தும் லான்ரியோடைட் ஊசி போட்டுக்கொள்கிறார். எடை இறங்கிக்கொண்டே இருந்தது, வயிறும் சரியில்லை, நோய் முற்றுகிறது என்று அவரே முடிவு கட்டி வீட்டில்கூடச் சொல்லாமல் பயத்தை உள்ளேயே வைத்திருந்தார். அதே ஊசியை நீண்ட காலமாகப் போட்டுவரும் இன்னொரு பெண் தொலைபேசியில் அவரிடம் கேட்ட கேள்வி இது: "மலம் மிதக்குதாக்கா? மேலே எண்ணெய் மாதிரி படலம் நிக்குதா?" ஆமாம் என்றதும் "அப்படின்னா டாக்டர்கிட்ட கணைய என்சைம் பத்திக் கேளுங்க" என்றிருக்கிறார். இந்த ஊசி கணையத்தின் செரிமான நீரையும் குறைத்துவிடும், அதனால் கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறும். சோதித்தோம், அதுவேதான். சாப்பிட ஆரம்பிக்கும்போதே விழுங்க வேண்டிய என்சைம் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தோம், எடை இறங்குவது நின்றது. மலம் எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லி நகர்ந்துவிடும் ஒருவர், தன்னைப் போன்ற இன்னொருவரிடம் கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

சரி, இப்படிப் பேசிப் பழகினால் ஆயுள் கூடுமா என்று கேட்பார்கள். 1989-இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியபோது கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று வெளியிட்டார், உலகமே திரும்பிப் பார்த்தது. 2001-இல் கனடாவில் 235 பெண்களை வைத்து இன்னும் பெரிதாகச் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனை குறைந்தது, வலியைத் தாங்குவது எளிதானது, அதுவும் ஆரம்பத்தில் அதிகமாகத் துவண்டிருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். நான் இதைப் பெரிய பலன் என்றே சொல்வேன். குழுவில் சேர்ந்தால் நோய் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இருக்கிற நாட்கள் நன்றாக இருக்கும் என்று சொன்னால் தாராளமாக நம்பலாம்.

நோயாளிகள் ஒன்றுசேர்ந்ததால் மருத்துவமே ஓர் அடி முன்னே போனதும் உண்டு. ஃபைப்ரோலாமெல்லர் என்பது பெரும்பாலும் இளவயதினருக்கு வரும் அபூர்வமான கல்லீரல் புற்றுநோய். 12 வயதில் அது வந்து அறுவை சிகிச்சையில் மீண்ட எலானா சைமன் என்ற அமெரிக்க மாணவி, பள்ளியில் படிக்கும்போதே தன் அறுவை மருத்துவரோடும் விஞ்ஞானியான தன் அப்பாவின் ஆய்வகத்தோடும் சேர்ந்து இதே நோய் வந்தவர்களின் கட்டித் திசுக்களைத் திரட்டினார். பதினைந்தே பேரின் மாதிரிகள். அத்தனை பேரின் கட்டியிலும் இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட அதே ஒரு பிழை இருந்தது. 2014-இல் சயன்ஸ் ஆய்விதழில் அது வெளிவந்தது. பரவலான நோய் என்றால் பதினைந்து பேரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அரிய நோயில் பதினைந்து பேர் சேர்ந்ததே பெரிய விஷயம்.

இனி எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரைப்பையில் வரும் ஜிஸ்ட் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிட் மரபணுவில் எக்ஸான் 11 பகுதியில் மாற்றம் இருந்தால் இமாட்டினிப் மாத்திரை பொதுவாக நன்றாகக் கேட்கும், எக்ஸான் 9 என்றால் அளவைக் கூட்ட வேண்டி வரலாம், பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் அந்த மாத்திரை கேட்கவே கேட்காது. மூன்று பேருமே "எனக்கு ஜிஸ்ட்" என்றுதான் சொல்வார்கள். அதனால் இன்னொருவரின் அனுபவத்தைக் கேட்கும் முன் உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலை வாங்கி, துணை வகை என்ன, கிரேடு (எவ்வளவு வேகமாக வளரக்கூடியது) என்ன, மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரிய கட்டி என்றால், அந்த வகையை அடிக்கடி பார்க்கும் நோயியல் நிபுணர் ஒருவர் உங்கள் கட்டித் திசு வைத்த அதே கண்ணாடி ஸ்லைடை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்ததில் நோயின் பெயரே மாறிப்போனவர்கள் உண்டு.

எண்களிலும் இதே நிதானம் வேண்டும். உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தபோது, பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்றுதான் மருத்துவ நூல்கள் சொல்லின. அவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார், 2002-இல் இறந்ததும் வேறொரு புற்றுநோயால். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. பாதிப் பேர் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

குழுக்களுக்குள் போனதும் ஒரு விஷயம் உறுத்தும்: எல்லோருக்கும் கஷ்டமாகவே இருக்கிறதே என்று. நன்றாக இருப்பவர்கள் வேலை, பிள்ளைகள் என்று போய்விடுவார்கள், பேசிக்கொண்டிருப்பவர்களில் சிக்கலில் இருப்பவர்களே அதிகம். தெரிந்துகொண்டு கேளுங்கள். "டாக்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு" என்பவரிடமிருந்து உடனே விலகுங்கள், அதிலும் அவரே அதை விற்பவராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், பழகியவர் ஒருவர் இறந்துபோவார். இது நடக்கும். அந்த வாரம் குழுவிலிருந்து ஒதுங்கி இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அழவும்தான்.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேளுங்கள்: "இதே நோய் உள்ள வேறு யாராவது என்னிடம் பேசச் சம்மதிப்பார்களா?" நாங்களாகப் பெயரைச் சொல்ல முடியாது, ஆனால் அவரிடம் கேட்டு இணைத்துவிட முடியும். சார்கோமாவுக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய மையங்களில் இது இன்னும் எளிது. உங்கள் நோய் அவ்வளவு அபூர்வம், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால் வேறு வழியில் சேரலாம். என்டிஆர்கே என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் ஒரே வகை மருந்து கொடுக்கிறார்கள், அதனால் உறுப்பு வேறானாலும் அவர்களுக்குள் பேச நிறைய இருக்கும். மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையோடு வாழ்பவருக்கு அதே பையோடு வாழும் இன்னொருவர் போதும், புற்றுநோய் எந்த வகை என்பது அங்கே இரண்டாம்பட்சம்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும் தனியாக ஒருவர் தேவை. நோயாளி முன்னால் கேட்க முடியாத கேள்விகள் கணவரிடமும் மகளிடமும் நிறைய இருக்கும், அவர்கள் இன்னொரு கணவரிடமோ இன்னொரு மகளிடமோதான் அவற்றைக் கேட்பார்கள். முதல்முறை பேசும்போது என்ன கேட்பது என்று தயங்குபவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: ஊசி போட்ட மறுநாள் உங்களால் என்ன செய்ய முடிகிறது, ஸ்கேன் முடிவு வரும்வரை பொழுதை எப்படி ஓட்டுகிறீர்கள், வீட்டில் யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறீர்கள்.