வட்டு விலகலா, வட்டுப் பிதுக்கமா?

'ஸ்லிப் டிஸ்க்' என்பதை எழுத்தில் 'வட்டு விலகல்' என்றும் பேச்சில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் கீழ் முதுகில், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த எந்த வட்டும் இடம்விட்டு நழுவுவதில்லை. மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளோடு அது இறுகப் பிணைந்தே இருக்கிறது. நாரால் ஆன அதன் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் போன்ற கரு வெளியே தள்ளப்பட்டு, பக்கத்தில் செல்லும் நரம்பு வேரை அழுத்துவதுதான் நோய். 'விலகல்' என்ற சொல்லை நம்புகிறவர், விலகியதைத் தட்டி உட்காரவைக்க ஆள் தேடிப் போய்விடுகிறார் என்பதே என் கவலை.

'டிஸ்க்' என்பது, எறிந்து விளையாடும் தட்டைக் குறித்த 'டிஸ்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நம் 'வட்டு'ம் ஆடுகாயைக் குறித்த பழஞ்சொல்லே. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது 401ஆம் குறள். ஆகவே 'வட்டு' இருக்கட்டும். இந்நோயை ஆங்கிலத்தில் 'டிஸ்க் ஹெர்னியேஷன்' என்பார்கள். அதன் வேரான 'ஹெர்னியா' என்னும் லத்தீன் சொல்லுக்கு வயிற்று நோயில் 'குடலிறக்கம்' என்கிறோம். ஆனால் வட்டின் கரு பெரும்பாலும் பின்பக்கவாட்டில் தள்ளப்படுவதால் 'இறக்கம்' இங்கே பொருந்தாது. 'பிதுக்கம்' பொருந்தும். ஊறிய மொச்சையை இரு விரலால் அழுத்தும்போது தோல் கிழிந்து பருப்பு வழுக்கி வெளிவருகிறதே, அதனால்தானே அது பிதுக்குப்பருப்பு! வட்டில் நிகழ்வதும் அதுவே.

இவ்வாறு பிதுங்கிய துண்டுகளை முன்பு குருத்தெலும்புக் கட்டி என்றே அறுவை மருத்துவர்கள் எண்ணியிருந்தனர். அவை வட்டிலிருந்து வந்தவை என்பதை 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரை நிலைநாட்டியது.

நோயறிதல் ஸ்கேனில் தொடங்குவதில்லை. படுத்திருப்பவரின் காலை, முழங்கால் மடங்காமல் மருத்துவர் மெல்ல உயர்த்துவார். ஏறத்தாழ 30 முதல் 70 பாகைக்குள் வலி முழங்காலுக்குக் கீழே மின்னலாய் ஓடினால், நரம்பு வேர் அழுத்தப்படுகிறது என்று ஐயுறுவார். கால் பெருவிரலை மேலே தூக்க வலுவிருக்கிறதா, கணுக்கால் அனிச்சைச் செயல் குறைந்திருக்கிறதா என்பவை எந்த வேர் என்று காட்டும். இவற்றோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் 'பல்ஜ்' பிதுக்கம் அன்று. வளையம் கிழியாமல் வட்டு சுற்றிலும் பரவலாக உப்பியிருப்பதே அது. அதை நான் 'புடைப்பு' என்றே எழுதுவேன். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994இல் வெளியான ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டிலேனும் புடைப்பு இருந்தது.