மோடம்: ஒலியிலிருந்து ஒளிக்கு

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் இணைந்தவர்களுக்கு அந்தக் கீச்சொலி மறந்திருக்காது. அழைப்பை ஏற்ற மறுமுனை மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சீரான ஓர் ஒலியை எழுப்பும். பேச்சின் எதிரொலியை அடக்குவதற்காகத் தொலைபேசி வலையமைப்பில் வைத்திருந்த கருவிகள் அதைக் கேட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். பிறகு வரும் இரைச்சல், கம்பியின் தரத்தைச் சோதித்து எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று இரு மோடங்களும் நடத்தும் பேரம்.

மனிதக் குரலுக்காக அமைந்த அந்த இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையே கடத்தும் என்பதால், கணினியின் 0, 1 என்னும் துடிப்புகளை அதில் அப்படியே அனுப்ப முடியாது. ஊர்தி அலை ஒன்றின் இயல்புகளை மாற்றி அதன்மேல் தரவை ஏற்றுவது பண்பேற்றம், மறுமுனையில் பிரித்தெடுப்பது பண்பிறக்கம். இவ்விரண்டின் ஆங்கிலப் பெயர்களைச் சுருக்கி ஒட்டியதுதான் மோடம் என்ற சொல். 1962இல் வந்த பெல் 103 மோடம் அதிர்வெண்ணை மட்டும் மாற்றி நொடிக்கு 300 பிட் அனுப்பியது. பின்னாளில் அலையின் வீச்சையும் (உயரம்) கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) சேர்த்தே மாற்றினார்கள். பிரித்தறியத்தக்க 16 நிலைகள் இருந்தால் ஒவ்வொரு மாற்றமும் 4 பிட்டைச் சுமக்கும். 256 நிலைகள் என்றால் 8 பிட். நிலைகள் நெருங்க நெருங்க, சிறு இரைச்சல்கூட ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும் என்பதே இந்த உத்தியின் எல்லை.

இன்று ஃபைபர் (ஒளியிழை) இணைப்போடு வரும் பெட்டியின் தொழில்நுட்பப் பெயர் ஓஎன்டி. நாம் மோடம் என்றே சொல்கிறோம், தவறில்லை. ஓர் ஒளியிழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும், பரவலாக உள்ள ஜிபான் முறையில் பண்பேற்றம் மிக எளியது: ஒளியைக் கூட்டிக் குறைப்பது, அவ்வளவுதான். சாமர்த்தியமெல்லாம் பங்கீட்டில் இருக்கிறது. ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளி வீட்டை நோக்கியும் 1310 நானோமீட்டர் ஒளி இணைய நிறுவனத்தின் நிலையத்தை நோக்கியும் செல்கின்றன. வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான், இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. அண்டை வீட்டுக்கான தரவும் நம் பெட்டிக்கு வரும். நமக்குரியதை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது, மற்றதைப் படிக்க முடியாதபடி குறியாக்கம் தடுக்கிறது. வீடுகளிலிருந்து நிலையத்துக்கு அனுப்பும்போது மோதல் நேராதிருக்க, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒளி சென்று திரும்பும் நேரத்தை அளந்து, நிலையம் முறைவைத்து நேரம் ஒதுக்குகிறது.

ஆகவே கடையில் கண்ட பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை செய்யாது. நிறுவனம் தருவது ஜிபானா, அதைப் போன்ற மற்றொரு முறையான ஈபானா என்று கேட்டு, புதிய பெட்டியின் வரிசை எண்ணை அவர்களிடம் பதிவு செய்யவேண்டும். பலருக்கு இந்தச் செலவே வீண், ஏனெனில் குறை பெரும்பாலும் அதே பெட்டிக்குள் இருக்கும் வைஃபை ரவுட்டரில்தான் இருக்கிறது. லேன் கம்பியில் மடிக்கணினியை இணைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் தனி ரவுட்டர் போதும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் கம்பியிலும் 95ஐத் தாண்டவில்லை என்றால், லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். கிகாபிட் போர்ட் உள்ளதாகப் பார்த்து மாற்றவேண்டும்.

பெட்டியில் உள்ள எல்ஓஎஸ் (ஒளிச்சைகை இழப்பு) விளக்கு சிவப்பாக எரிந்தால் எந்தப் பெட்டியை மாற்றியும் பயனில்லை, ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். தொலைக்காட்சிக்குப் பின்னால் மஞ்சள் இழையை மடித்துக் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூர்மையான வளைவில் ஒளி இழையை விட்டுக் கசிந்துவிடும்.