திமிங்கல டின் வாங்கி வரலாமா? தடைக்குப் பின்னால் உள்ள ஓட்டுக் கணக்கு

ஒசாகாவுக்குச் சுற்றுலா போன என் தங்கை மகன், அங்கே ஒரு கடையில் திமிங்கல இறைச்சி டின்னைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "மாமா, எல்லாருக்கும் தெரியும்படிதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று வாங்கி வரட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். அந்த 'ஏன்' வாட்ஸ்அப்பில் அடங்குகிற விஷயம் இல்லை. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஜப்பானுக்குப் போகிற எல்லாருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் சட்டம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான 'சைட்டிஸ்' என்னும் அனைத்துலக வாணிப ஒப்பந்தத்தில் பெரிய திமிங்கலங்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் பட்டியலில் இருக்கின்றன. அதாவது விற்பனைக்காக நாடு விட்டு நாடு கொண்டு போகக்கூடாது. மலேசியா அதில் உறுப்பினர். 2008-இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது; அனுமதியின்றிக் கொண்டு வந்தால் அபராதம் மட்டுமல்ல, சிறைக்கும் இடமுண்டு. "ஒரே ஒரு டின், வீட்டுக்குத்தான்" என்பது இங்கே எடுபடாது. சொந்த உபயோகப் பொருளுக்கு ஒப்பந்தம் தரும் சலுகை, வெளிநாட்டில் வாங்கி வரும் முதல் பட்டியல் பொருளுக்குக் கிடையாது. ஜப்பானில் விற்பது எப்படி என்றால், சில திமிங்கல இனங்களுக்கு இந்தப் பட்டியல் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அந்த நாடு விலக்குப் பதிவு செய்திருக்கிறது. அங்கே கடைக்காரர் செய்வது குற்றமில்லை. அதே டின்னோடு இங்கே வந்து இறங்கினால் குற்றம்.

சரி, உண்பவர்கள் இவ்வளவு குறைந்த பிறகும் ஓர் அரசு ஏன் இதை விடாமல் தாங்குகிறது? போருக்குப் பின் ஜப்பானில் பசி. 1946-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகமே அந்தார்டிக் கடலுக்குத் திமிங்கலக் கப்பல்களை அனுப்ப அனுமதி கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் அந்த இறைச்சி இருந்தது. 1962 வாக்கில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் உண்டார்கள். இப்போது அது சில ஆயிரம் டன்தான். எனவே இது வயிற்றுக் கணக்கு இல்லை. திமிங்கலக் கப்பல்களின் தளமான ஷிமோனோசெகி, மறைந்த முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயின் தொகுதியாக இருந்தது. தாய்ஜி என்ற பழைய வேட்டைக் கிராமம், ஆளுங்கட்சியின் செல்வாக்கு மிக்க தலைவராக இருந்த தொஷிஹிரோ நிக்காயின் தொகுதியாக இருந்தது. அதோடு, இன்று திமிங்கலத்தை விட்டால் நாளை சூரை மீனையும் விடச் சொல்வார்கள் என்ற அச்சமும் உண்டு. 2011 சுனாமி மறுசீரமைப்புப் பணத்திலிருந்து 228 கோடி யென் திமிங்கல வேட்டைக்குப் போனது. வீடு இழந்தவர்களுக்கான நிதி அது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வெளிநாட்டு அரசியல் இதைவிடச் சிக்கல். 1946-இல் வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் திமிங்கலங்களைக் காப்பதையும் திமிங்கலத் தொழிலைச் சீராக வளர்ப்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சண்டையின் வேர் அங்கேதான். அதன் கீழ் அமைந்த அனைத்துலகத் திமிங்கல ஆணையம், 1982-இல் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது: ஆதரவு 25, எதிர்ப்பு 7, நடுநிலை 5. மறுப்புப் பதிவு செய்யும் நாட்டை அந்த முடிவு கட்டுப்படுத்தாது. நார்வே அந்த வழியில்தான் 1993 முதல் மீண்டும் வேட்டையாடுகிறது. ஜப்பானும் மறுப்புப் பதிவு செய்தது. மறுப்பை விலக்காவிட்டால் எங்கள் கடலில் மீன் பிடிக்க விடமாட்டோம் என்று அமெரிக்கா நெருக்கியது. ஜப்பான் விலக்கிக்கொண்டது, 1988 வாக்கில் அந்த மீன்பிடி உரிமையும் கைநழுவியது. ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அப்புறம் 'அறிவியல் ஆய்வு' என்ற பெயரில் அந்தார்டிக்கில் நடந்த வேட்டையை ஏற்க முடியவில்லை. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில் 2014-இல் அனைத்துலக நீதிமன்றமும், அது ஆய்வுக்காக நடந்தது அல்ல என்று 12-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

தடையை நீக்க ஆணையத்தில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். கடல் இல்லாத நாடாக இருந்தாலும் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. மங்கோலியா, லாவோஸ், மாலி எல்லாம் அப்படி உள்ளே இருப்பவைதான். வேட்டையை எதிர்க்கும் தரப்பில் சுவிட்சர்லாந்தும் லக்சம்பர்க்கும். 2001-இல் ஜப்பான் மீன்வளத் துறை மூத்த அதிகாரி மசாயுகி கோமாட்சு, ராணுவ பலம் இல்லாத தம் நாட்டுக்கு வளர்ச்சி உதவியும் ஒரு கருவி என்று ஆஸ்திரேலிய ஊடகத்திடம் சொன்னார். ஓட்டை விலைக்கு வாங்கவில்லை என்று ஜப்பான் அரசு மறுத்தது. அதற்கு முந்திய ஆண்டில், கரீபியத் தீவு நாடான டொமினிகாவில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆதர்ட்டன் மார்ட்டின், தம் அரசு ஜப்பான் பக்கம் ஓட்டுப் போட்டதால் பதவி விலகியிருந்தார். 2006-இல் செயின்ட் கிட்ஸ் கூட்டத்தில், தடை இனித் தேவையில்லை என்ற அறிக்கை 33-க்கு 32 என்று நிறைவேறியது. வெறும் பெரும்பான்மை என்பதால் தடை நீங்கவில்லை. 2011-இல் உறுப்பு நாடுகள் தங்கள் சந்தாவை ரொக்கமாகக் கட்டாமல் அரசுக் கணக்கிலிருந்து வங்கி வழியாகவே கட்ட வேண்டும் என்று ஆணையம் விதி போட்டது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே போதும், நிலைமை விளங்கும். கடைசியில் ஜப்பான் 2019 ஜூன் 30-இல் ஆணையத்திலிருந்து வெளியேறியது. மறுநாளே தன் கடலில் வணிக வேட்டையைத் தொடங்கியது. அந்தார்டிக் வேட்டை மட்டும் நின்றது.

மலேசியா இந்த ஆணையத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் ஆணையம் போட்ட ஒரு கோடு நம் வாசலில் ஓடுகிறது. 1979-இல் செஷல்ஸ் நாட்டின் யோசனையில் பிறந்த இந்தியப் பெருங்கடல் சரணாலயத்துக்கு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிழக்கு எல்லை 100 பாகை தீர்க்கரேகை. பினாங்குத் தீவு அந்தக் கோட்டுக்குச் சற்றே கிழக்கே, வெளியே. லங்காவி உள்ளே. குவாலா கெடாவிலிருந்து ஃபெர்ரி ஏறுகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நமக்கு அங்கே ஓட்டு இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

கோட்டுக்கு எந்தப் பக்கமானாலும் நம் கடலில் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இருக்கிறது. திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), கடற்பசு எதையும் பிடிக்கவோ துன்புறுத்தவோ கூடாது. பினாங்கின் தெலுக் பஹாங்கில் வலை போடுகிறவருக்கும் இதே விதிதான்: தவறி வலையில் சிக்கியது உயிரோடு இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும், இறந்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவித்து, அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும்.