அத்திப்பழம் தின்ற ஈரல்

கல்லீரலைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃப்வா' என்கிறார்கள், ஸ்பானியர்கள் 'ஈகதோ' என்கிறார்கள். இரண்டும் லத்தீனின் பிள்ளைகள் என்றால் ஓர் எழுத்தாவது ஒத்துப்போக வேண்டாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இவற்றோடு இத்தாலியின் 'ஃபேகத்தோ', போர்ச்சுகலின் 'ஃபீகதூ', ருமேனியாவின் 'ஃபிக்காத்' ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வோம். ஐந்தும் ஒரே சொல்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூலச்சொல்லுக்கு லத்தீனில் கல்லீரல் என்றே பொருள் இல்லை. லத்தீனில் கல்லீரலுக்குப் பெயர் 'யெக்கூர்'. சமஸ்கிருத 'யக்ருத்', கிரேக்க 'ஹேப்பார்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஹெப்படைட்டிஸ்' என்று எழுதுகிறார்களே, அதில் இருப்பது அந்தக் கிரேக்கச் சொல்தான். இவ்வளவு பழைய சொல்லை ஒழித்துக்கட்டியது ரோமானியரின் சமையலறை.

வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தை ஊட்டிக் கொழுக்க வைத்தால் ஈரல் பெருத்துச் சுவை கூடும் என்பதைக் கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள். ரோமானியர்களும் அதில் மயங்கினார்கள். அத்தி தின்ற வெள்ளை வாத்தின் ஈரல் ரோமானியக் கவிஞர் ஹொரேசின் அங்கதக் கவிதையில் விருந்துப் பண்டமாக வருகிறது. பன்றிக்கு உலர்ந்த அத்தியை ஊட்டி, கடைசியில் தேன் கலந்த மதுவைக் கொடுத்துத் திடீரெனக் கொல்லும் முறையை அபிக்கியுஸ் என்ற உணவுப் பித்தர் கண்டுபிடித்தார் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். லத்தீனில் அத்தி 'ஃபீக்குஸ்'. அத்தி ஊட்டிய ஈரல் 'யெக்கூர் ஃபீக்காத்தும்'. நாளடைவில் பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. பிறகு அத்தியையே பார்த்திராத ஈரலும், மனிதனின் ஈரலும்கூட 'ஃபீக்காத்தும்' ஆயின. எள்ளின் நெய்யான எண்ணெய், தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுப்பெயர் ஆகவில்லையா?

இனி ஒலிகள். சொல்லின் முதலில் வரும் ஃபகரம் ஸ்பானிய மொழியில் ஹகரமாகி, பிறகு அதுவும் மறைந்து எழுத்தில் மட்டும் நிற்கிறது. மாவைக் குறித்த 'ஃபரீனா' அங்கே 'அரீனா'. புகையைக் குறித்த 'ஃபூமுஸ்' அங்கே 'ஊமோ'. (நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனது இதற்குப் பக்கத்து வீட்டுக் கதை.) அடுத்து, இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வல்லினம் மெலிகிறது. இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. 'பகல்' என்பதில் ககரத்தை மெலிதாகவும் 'பக்கம்' என்பதில் அழுத்தமாகவும் நாம் யோசிக்காமலேயே ஒலிக்கிறோம். ஸ்பானியத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்: ஏரியைக் குறித்த லத்தீன் சொல்லின் ஒற்றைக் ககரம் மெலிந்தது, பசுவைக் குறித்த சொல்லின் இரட்டைக் ககரம் இன்றும் வல்லொலியாகவே இருக்கிறது. ('ஃபீக்காத்தும்' என்று நான் இரட்டித்து எழுதுவது வல்லொலியைக் காட்டத்தான்; லத்தீனில் அவை ஒற்றை மெய்களே.) பிரெஞ்சு இன்னும் ஒரு படி போய், மெலிந்ததைப் பல இடங்களில் விழுங்கியே விட்டது. வாழ்வைக் குறித்த 'வீத்தா' அங்கே வெறும் 'வீ'. நடுவிலிருந்த மெய்கள் கரைந்து, உயிரொலியும் திரிந்து ஈரல் 'ஃப்வா' ஆனது இப்படித்தான். நம்பிக்கையைக் குறித்த லத்தீன் சொல்லும் அதே பாதையில் வந்து அங்கே 'ஃப்வா'வாகவே நிற்கிறது, எழுத்தில்தான் வேறுபாடு.

ஒலி ஒத்திருந்தால் போதும், உறவு கொண்டாடிவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். வாரம் ஒரு ஐரோப்பியச் சொல்லைப் பிடித்து வந்து தமிழில் ஞானஸ்நானம் செய்துவைக்கிறார்கள். இது ஜோதிடத்தைவிட ஒரு மாற்றும் உயர்ந்ததல்ல என்பது என் கருத்து. கடவுளைக் குறிக்கும் லத்தீன் 'தேயுஸ்', கிரேக்க 'தெயோஸ்' இரண்டும் அச்சில் வார்த்தது போலிருந்தும் உறவற்றவை. ஒற்றுமையே தெரியாத 'ஃப்வா'வும் 'ஈகதோ'வும் ஒரே தாயின் பிள்ளைகள். சொல்லுக்குச் சொல் மாறாமல் திரும்ப வரும் ஒழுங்குதான் சான்று.

அந்த ஒழுங்கு ஓரிடத்தில் தவறுகிறது. எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான். 'ஃபீக்காத்தும்' என்பதில் இரண்டாம் அசை நெடில், எனவே லத்தீன் விதிப்படி அழுத்தம் 'கா'வில் விழ வேண்டும். அதே வார்ப்பில் அமைந்த 'அமாத்தும்' (நேசிக்கப்பட்டது) ஸ்பானியத்தில் 'அமாதோ', இத்தாலியில் 'அமாத்தோ' என நடு அசை அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஈரலும் 'இகாதோ' என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்? ஆனால் ஸ்பானியம், இத்தாலியம், போர்ச்சுகீசியம் மூன்றிலும் அழுத்தம் முதல் அசைக்குத் தாவியிருக்கிறது. ருமேனியம் மட்டும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறது.

அழுத்தம் தானாகத் தாவாது. யாரோ இழுத்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் பலர் கைகாட்டுவது கிரேக்கத்தை. அங்கே அத்தி 'சூக்கோன்'. அத்தி ஊட்டிய ஈரல் 'சூக்கோத்தோன்'. லத்தீன் சொல்லே அதைப் பார்த்து வார்த்ததுதான். கிரேக்கச் சமையற்காரர்கள் நிறைந்த ரோமானிய அடுக்களைகளில் இரண்டு சொற்களும் அருகருகே புழங்கின. கிரேக்கச் சொல் லத்தீன் நாக்கில் முதல் அசை அழுத்தத்தோடு ஒலித்தது. லத்தீன் சொல்லும் அந்தத் தாளத்தைத் தொற்றிக்கொண்டது. இதுதான் அவர்கள் தரும் விளக்கம். அந்த அடுக்களைப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. மாட்ரிட் இறைச்சிக் கடையில் ஒருவர் அரைக் கிலோ ஈரல் கேட்கும்போது எந்த அசையை அழுத்துகிறார் என்பதிலிருந்து அதை ஊகிக்க முடிகிறது. கிரேக்கத்தில் இன்றும் ஈரல் 'சிக்கோத்தி'. அங்கும் பழைய 'ஹேப்பார்' பேச்சுவழக்கிலிருந்து மருத்துவர்களின் சொல்லாக ஒதுங்கிவிட்டது.

பொருளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இத்தாலியில் ஒருவருக்கு 'ஃபேகத்தோ' இருக்கிறது என்றால் அவர் துணிச்சல்காரர். பிரான்சிலோ 'ஃப்வா' பிடித்துக்கொண்டது என்றால் பயந்து நடுங்குகிறார் என்று பொருள்; நம் 'ஈரக்குலை நடுங்கியது' அதற்கு மிக நெருக்கம். விருந்தில் அளவுக்கு மீறித் தின்றுவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் 'ஈரல் நெருக்கடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் அஜீரணம்.