அழாத முகத்தை யார் படமெடுப்பது?

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கொட்டகை போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த முதல் ஆண்டில் நான் அங்கே போகாத கிழமை குறைவு. ஒருநாள், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரோடு ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். படத்தை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முகம் தானாகவே மாறியது. நான் கமராவை இறக்கினேன்.

“ஏன் தம்பி, அழாமல் இருந்தால் எடுக்க மாட்டீர்களா?” என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. தேநீர் குடித்தீர்களா என்று விசாரிக்கிற அதே குரல்.

அவரை அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்தான். ஒவ்வொரு நினைவுநாளுக்கும் வந்து, கண்ணீர் வரும்வரை காத்திருந்து, வந்ததும் படபடவென்று அழுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவர்கள். நானும் அவர்களில் ஒருவன். வன்னியிலிருந்து வெளியே போன செய்திப் படங்களை ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். அழுகிற தாய், ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, முள்ளிவாய்க்காலில் எரியும் சுடர், வான்கதவு திறந்த இரணைமடுக் குளம் என்று நான்கு காட்சிகளே மாறி மாறிக் கிடக்கும். அவை பொய்யான படங்கள் அல்ல. ஆனால் ஒரு பெருநிலத்தை நான்கு படங்களுக்குள் அடைத்த பிறகு, ஐந்தாவதாக நடப்பது எதுவும் செய்தியாகவே கண்ணில் படுவதில்லை. கைப்பேசியோடு செய்திப் படம் எடுக்கக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது எந்தக் கமரா வாங்கலாம் என்றுதான். எங்கே போய் நிற்பது என்று கேட்டவர் மிகக் குறைவு. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

அழைப்பிதழ் வந்து போகிற இடத்தில் செய்தி கிடைப்பது அரிது. அங்கே நாடா வெட்டுவார்கள், விளக்கேற்றுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். நீங்கள் போகாவிட்டாலும் அந்தப் படம் உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்குக் கமநல சேவை நிலையத்தின் வாங்கில் போய் உட்காரலாம். பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையை மேலிருந்து கீழாக வாசிக்கலாம். காலையில் ஆடைத்தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சந்தியில் நிற்கும் பிள்ளைகளோடு நான்கு நாள் சும்மா நிற்கலாம், கமராவை வெளியே எடுக்காமல்.

இரணைமடுவின் சிறுபோகக் கூட்டத்தைச் சொல்கிறேன். காலபோகம் மழையோடு நடப்பது. சிறுபோகம் குளத்தில் எஞ்சிய நீரை நம்பி நடப்பது. இந்த முறை எத்தனை ஏக்கர் செய்யலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். பார்வைக்கு இதைவிட அலுப்பான கூட்டம் கிடையாது. பிளாஸ்டிக் கதிரைகள், ஒலிவாங்கி, மின்விசிறி. நான் முதல் தடவை போனபோது, எழுந்து நின்று கையை வீசிச் சண்டை பிடித்தவரைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஓர் ஐயா வாயே திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்த சிகரெட் பெட்டி அட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போய் இருந்தேன். அவர் குத்தகைக்குச் செய்பவர். பங்கு காணிக்காரருக்கு, அவர் வேறு ஊரில் இருக்கிறார். அந்தப் பங்கை இவர் என்ன விலைக்கு வாங்குவது, விதைநெல்லுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அட்டையில் இருந்த கணக்கு. கையை வீசியவரின் படம் அன்று மாலையே செய்தியாகி மறுநாள் மறந்துபோனது. அட்டையையும் பென்சிலையும் பிடித்த கையைப் படமெடுக்க எனக்கு இன்னும் மூன்று தடவை அவருடைய வரம்புக்குப் போக வேண்டியிருந்தது.

முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூன் 29இல் அங்கே மனித எச்சங்களைக் கண்டவர்கள் தண்ணீர்க் குழாய் பதிக்க நிலம் தோண்டியவர்கள். பின்னர் நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்ந்தபோது 52 பேரின் எச்சங்கள் அந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டன. குழாய் பதிப்பவர், மின்மானி பார்க்க வருபவர், தபாற்காரர், விறகுக்குக் காட்டோரம் போகிற அக்கா ஆகியோர் எங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுடைய கைப்பேசியில் உங்கள் இலக்கம் இருக்கிறதா என்பதுதான் தொழில். அமைச்சரின் செயலாளரிடம் இருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொரு வாசல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதை அந்த அரச அலுவலகம் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். படம் எடுப்பவனுக்கு எதற்குக் காகிதம் என்று சிரிப்பார்கள். அப்படிக் கேட்டு வாங்கிய வேலைத்திட்டப் பட்டியலில் வீதி முடிந்துவிட்டதாக எழுதியிருக்கும். நீங்கள் அந்த இடத்தில் போய் நின்றால் முழங்காலளவு சேறு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடிக்குறிப்பே தேவையில்லை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு திரும்பிப் போவதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எல்லோரும் வான்கதவில் நின்றோம். வெள்ளைப் புகைபோலப் பாயும் நீரை யார் எடுத்தாலும் அழகாக வரும். அதுதான் அதிலுள்ள கேடு. அது அழிவின் படமாக இல்லாமல் சுற்றுலாப் படமாகிவிடுகிறது. தண்ணீர் வடிந்து, நிவாரண லொறிகளும் போய், மற்றக் கமராக்களும் போன பிறகு தாழ்ந்த பக்கத்திலிருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சாக்கு மூட்டை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. சாக்கின் இழைகளுக்கூடாகப் பச்சைப் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த நெல், ஈரத்தில் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. வீட்டுக்கார அக்கா அதைத் தடவிக்கொண்டே, “வயலில் விதைத்தது அழுகிவிட்டது, வீட்டில் வைத்தது முளைத்துவிட்டது” என்றார். கொடியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், உடுப்புக் கவ்விகளால் பிடிக்கப்பட்டு, மை ஊறித் தொங்கின. அந்த வெள்ளத்தில் நான் எடுத்தவற்றில் இன்றும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை அந்த முற்றத்தில் எடுத்தவை மட்டுமே.

நுட்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வன்னியின் நண்பகல் வெயில் தொப்பி போட்ட முகத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிடும். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் கிடுகுக் கொட்டிலின் நிழலுக்குள் ஆளைக் கூப்பிடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் உப்புக்காற்று. கிரவல் வீதியில் புழுதி. லென்ஸை வெளியில் மாற்றாதீர்கள். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் பெரிய லென்ஸை விட 35 மில்லிமீற்றரோடு கிட்டப் போங்கள். கிட்டப் போவதற்கு ஆளின் சம்மதம் வேண்டும். அந்தக் கட்டாயம் நல்லது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு ஸ்டூடியோவிலிருந்து. அடையாள அட்டைப் படமும் கலியாண அல்பமும்தான் பிழைப்பு. ஆனால் 2009க்குப் பிறகு கடைக்கு வந்தவர்களில் பலர் வேறொன்றைக் கேட்டு வந்தார்கள். இடம்பெயர்ந்து ஓடியதில் அல்பங்கள் போய்விட்டன. யாரோ ஓர் உறவினரின் கலியாணக் கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் தம்பியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கித் தர வேண்டும். முகத்தின் பாதியை முன்னால் நிற்பவரின் தோள் மறைத்திருக்கும். மறுபாதியை நான் கணினியில் வரைவேன். கிழிந்த சட்டைக்குப் பதில் கோட் போட்டுவிடுவேன். பின்னணிக்கு நீல வானம். அதைச் செய்ததில் எனக்கு இன்றும் குற்ற உணர்ச்சி இல்லை. அது அந்தக் குடும்பம் கும்பிடுகிற படம்.

செய்திப் படத்துக்கு வந்தபோது அதே கை அரித்தது. மூலையில் தொங்கும் வயரை அழித்தால் என்ன? குறுக்கே நிற்கும் சக ஊடகவியலாளரை எடுத்துவிட்டால் என்ன? 2014இல் ஏபி செய்தி நிறுவனம், சிரியாவில் எடுத்த படமொன்றின் மூலையில் தெரிந்த சக ஊழியரின் வீடியோக் கமராவை அழித்ததற்காகத் தன்னுடைய ஒளிப்படக்காரர் ஒருவரோடு உறவை முறித்துக்கொண்டது. முந்திய ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அணியில் ஒருவர் அவர். அழித்த பொருளால் செய்தி மாறவில்லை. ஆனால் அவர் அதுவரை எடுத்த மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதாயிற்று. எங்கள் மண்ணில் அது இன்னும் பாரமான விடயம். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிக் காயங்கள் இருந்தன. ஜனவரி 24இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படங்களில் ஒரு புள்ளியை அவர் திருத்தியிருந்தால்கூட, அதைப் பிடித்துக்கொண்டே முழுவதையும் பொய் என்றிருப்பார்கள்.

ஆபத்து பழைய கதை ஆகிவிடவில்லை. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் சட்டவிரோத மரக்கடத்தலைப் படமெடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். காட்டுப் பக்கம், மணல் ஏற்றும் ஆற்றுப் பக்கம் தனியே போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எடுத்த கையோடு ஒரு பிரதியை வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். உங்களைவிட உங்களோடு பேசியவருக்குத்தான் பயம் அதிகம். நீங்கள் போன பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்து விசாரிப்பார்கள் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விபரம் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். தரம் குறையக்கூடாது என்று ஆவணமாக அனுப்புகிறவர்கள் இடப்பதிவை முதலே நிறுத்தி வையுங்கள்.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் ஒரு மயக்கம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டக்கூடாது என்பது பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் ஒன்றே. ஆனால் எங்கள் ஊர்களில் அடையாளம் முகத்தில் மட்டும் இல்லை. ஒருமுறை முகம் தெரியாமல் முதுகுப்புறமாக ஒரு பிள்ளையை எடுத்தேன். மிகக் கவனமாக எடுத்ததாக எனக்கே பெருமை. படம் வந்த அன்று தேநீர்க் கடையில் ஒருவர், “இது இன்னாருடைய கிணறல்லவா?” என்றார். கிணற்றுக் கட்டின் உடைந்த மூலை அவருக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் மாற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட கதைகளில் கை, செருப்பு, பாதி மூடிய கதவு என்றுதான் எடுக்கிறேன். சில கதைகளுக்குப் படமே கொடுப்பதில்லை. படமில்லாமல் வேண்டாம் என்கிற ஆசிரியரோடு சண்டையும் பிடித்திருக்கிறேன்.

எடுத்த படத்தின் பிரதியை ஆளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். ஸ்டூடியோக் காலத்துப் பழக்கம். கொட்டகையில் கண்ட அந்த அம்மாவைச் சிரித்தபடி ஒரு படம் எடுத்தேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். அடுத்த கிழமை பிரதியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாய்த்தான் இருக்கிறது. இது பேப்பரில் வராது, தம்பி.”

அனுப்பினேன். வரவில்லை.

பிறகு வேறொன்றை அனுப்பினேன். மாலையில் எல்லோரும் எழும்புகிற நேரம், மகனின் படத்தைப் பொலித்தீன் உறைக்குள் திரும்ப வைப்பதற்கு முன் அவர் சேலைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைக்கிறார். பார்வை வீதியில், பஸ் வருகிறதா என்று. அது உட்பக்கத்தில், இரண்டு பத்தி அகலத்தில் வந்தது.