சார்ஜர்: ஏறுவதும் இறங்குவதும்

கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் பத்து நிமிடம் நின்றால் இந்தச் சொல்லின் முழு இலக்கணமும் காதில் விழுந்துவிடும். "அண்ணே, ராத்திரி பூரா போட்டு வச்சேன், சார்ஜே ஏறல." "மதியத்துக்குள்ள சார்ஜ் இறங்கிடுதுப்பா." "அஞ்சு நிமிஷம் சார்ஜ் ஏத்திக்கிட்டுத் தரவா?" சார்ஜ் என்ற பெயர் மட்டும் ஆங்கிலம். அதோடு வரும் வினை மூன்று இடத்திலும் தமிழ்: ஏறு, ஏற்று, இறங்கு. சார்ஜ் ஆகவில்லை என்பாரும் உண்டுதான். ஆனாலும் ஏறல என்பதே நம் வாயில் முதலில் வரும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல், மக்கள் தாமாகப் பிடித்துக்கொண்ட வினை இது. சார்ஜர் என்பதற்குத் தமிழ் தேடுகிறவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் இந்தக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். அதன் வேர் ஒரு வண்டி. லத்தீனில் 'கார்ரஸ்' என்றால் வண்டி. அதையும் கெல்ட்டிய மொழியிலிருந்து உரோமர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிற்கால லத்தீனில் 'கார்ரிக்காரே' என்றால் வண்டியில் பாரம் ஏற்றுதல். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது சார்ஜ் ஆனது. நாம் ஓட்டும் கார், விமானத்தில் போகும் கார்கோ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்தான்.

பாரம் ஏற்றுதல் என்ற ஒரே பொருளிலிருந்து அத்தனை கிளைகளும் பிரிந்தன. ஒருவர் தலையில் செலவைச் சுமத்தினால் சர்வீஸ் சார்ஜ்; தமிழில் கட்டணம். வேலையைச் சுமத்தினால் இன்சார்ஜ், தமிழில் பொறுப்பு. குற்றத்தைச் சுமத்தினால் சார்ஜ் ஷீட், தமிழில் குற்றப்பத்திரிகை. லத்தி சார்ஜுக்குத் தடியடி என்று நறுக்கென்ற சொல் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. ஆங்கிலம் ஒரே மூட்டையில் கட்டிவைத்ததைத் தமிழ் பிரித்துப் பிரித்து வேறு வேறு பெயரிட்டுவிட்டது. மிச்சம் நின்றது மின்சாரப் பொருள் ஒன்றுதான்.

அந்தப் பொருள் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில். பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது லேடன் சாடிகளை வைத்து மின்சாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிச் சாடி அது. மின்னைத் தேக்கி வைக்கும். துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதற்கு ஆங்கிலத்தில் புழங்கிய அதே சொல் சாடிக்கும் வந்தது. சாடிகளை வரிசையாகக் கோத்து அவர் பேட்டரி என்றார். அதுவும் பீரங்கி வரிசைக்கு உரிய பெயர். பேட்டரி, சார்ஜ், டிஸ்சார்ஜ் என்று நாம் சொல்லும்போது ஒரு போர்க்களம் முழுவதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய மின்கலத்தை பிரான்சில் காஸ்தோன் பிளான்தே 1859இல் ஈயத்தையும் அமிலத்தையும் கொண்டு செய்தார். இன்றைய கைப்பேசியில் இருக்கும் லித்தியம் அயனிக் கலத்தை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இனி தமிழுக்கு வருவோம். சார்ஜருக்கு இணையாக இரண்டு சொற்கள் எழுத்தில் புழங்குகின்றன: மின்னூட்டி, மின்னேற்றி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயற்பியலில் வரும் சார்ஜை மின்னூட்டம் என்கின்றன. இலங்கை வழக்கு மின்னேற்றம். இரண்டும் நல்ல சொற்களே. ஊட்டுதல் என்பதில் தாயும் பிள்ளையும் வருகிறார்கள். கேட்கவே இதமாக இருக்கிறது. ஆனால் கருவிக்குப் பெயர் வைக்கும்போது நான் மின்னேற்றி பக்கம்தான் நிற்பேன். காரணம், அந்தக் கலத்துக்குள் நடப்பது ஏற்றமும் இறக்கமும்தான்.

கலத்துக்குள் மின்சாரம் தண்ணீர் மாதிரி போய் நிரம்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நிரம்புவதில்லை. கலத்தின் ஒரு பக்கம் உலோக ஆக்சைடு, மறுபக்கம் கிராபைட். லித்தியம் அயனிகளுக்கு ஆக்சைடு பக்கம் இருப்பதுதான் இயல்பான இருப்பு. நாம் மின்னைச் செலுத்தும்போது அவற்றை அங்கிருந்து கிளப்பி, அவை தாமாகப் போக விரும்பாத கிராபைட் பக்கம் தள்ளுகிறோம். கைப்பேசியைப் பயன்படுத்தும்போது அவை தம் இடத்துக்கே இறங்கி வருகின்றன. இறங்கும்போது வேலை செய்து கொடுக்கின்றன. கிணற்றில் ஏற்றம் இறைத்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். பள்ளத்து நீரை மேலே கொண்டுவந்து விடுவதற்குப் பெயர் ஏற்றம். அதன் பிறகு வாய்க்காலில் நீர் தானாக ஓடும். மின்னேற்றம் என்ற சொல்லுக்குள் இந்தப் படம் முழுவதும் இருக்கிறது. "சார்ஜ் இறங்கிடுச்சு" என்று சொல்லும் அம்மாக்கள் இயற்பியலில் துளியும் பிழை செய்யவில்லை.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பொறுப்பேற்றார் என்பதில் வரும் ஏற்று வேறு; அது ஏல் என்ற வினையடியிலிருந்து வருவது, ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள். பாரம் ஏற்று, விளக்கேற்று, ரத்தம் ஏற்று, கொடியேற்று என்பவை ஏறு என்பதன் பிறவினை. மின்னேற்றி இந்த இரண்டாம் குடும்பம். மின்சாரத்தை ஏற்றுக்கொள்வது என்று பொருள் செய்துவிட்டால் கருவி தலைகீழாகிவிடும். ஏற்றுக்கொள்வது கைப்பேசி, ஏற்றுவது மின்னேற்றி.

சொல் கிடைத்துவிட்டது. ஆனால் சுவரில் செருகும் அந்த வெள்ளைக் கட்டிக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்றால், கறாராகச் சொன்னால் பொருந்தாது. அது செய்வது ஒரே வேலை: சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை (ஏசி) வாங்கி, 5 வோல்ட், 9 வோல்ட் என்று சின்ன நேர்மின்சாரமாக்கிக் (டிசி) கொடுப்பது. கலத்துக்கு எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் சுற்று கைப்பேசிக்குள் இருக்கிறது. பழுது பார்ப்பவர்கள் சார்ஜிங் ஐசி என்று சொல்வது அதைத்தான். முதலில் சீரான மின்னோட்டத்தில் வேகமாக ஏற்றுவதும், கலம் 4.2 வோல்ட்டை ஒட்டி வந்ததும் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் அந்தச் சில்லுதான். எண்பது விழுக்காடு வரை விறுவிறுவென்று ஏறிவிட்டுக் கடைசி இருபதுக்கு நம் பொறுமையைச் சோதிப்பது இதனால்தான். ஆக, உண்மையான மின்னேற்றி நம் சட்டைப்பையில் இருக்கிறது. சுவரில் இருப்பது அடாப்டர்.

அடாப்டருக்குத் தகவி என்ற சொல் உண்டு. தகு என்பதே வேர். உயிரியல் பாடத்தில் படித்த தகவமைப்பு என்ற சொல்லின் உறவு. வீட்டு மின்சாரத்தைக் கைப்பேசிக்குத் தகுந்ததாக்குவதால் மின்தகவி என்றால் பொருத்தமாக இருக்கும். மின்மாற்றி என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். தெருமுனையில் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பேச்சில் கட்டியையும் மின்னேற்றி என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் விளம்பரத்திலும் சட்டத்திலும் பெட்டி மேல் அச்சிடும் எழுத்திலும் இந்த வேறுபாடு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கிய அன்று அவர் பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். கம்பி விழுந்தது, கட்டி விழவில்லை. "கடைக்காரன் எடுத்துக்கிட்டானோ?" என்று அவர் கேட்டபோது, இப்போதெல்லாம் அப்படித்தான் என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருந்தது. பெட்டியின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் இருந்தது. அதில் சார்ஜிங் கேபிள் என்று போட்டிருந்தது. கேபிளுக்கு முன்னால் சார்ஜிங் என்ற சொல் நின்றதும் சார்ஜரே வருகிறது என்று படிப்பவர் நினைப்பது இயல்பு. சொல் தெளிவாக இல்லாத இடத்தில் வாங்குகிறவருக்குத்தான் நட்டம்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இடத்தைச் சட்டத்தால் தொட்டது. நெடுநாள் கதை அது. 2009இல் அங்கே முப்பது வகை சார்ஜர்கள் புழங்கின. நம் ஊரிலும் அதே கோலம்தான். நோக்கியா தடிப் பின், நோக்கியா சின்னப் பின், பிறகு வி8 என்று பின்னின் பெயர் சொல்லித்தான் சார்ஜர் கேட்டோம். பயணத்தில் பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் பல தலை முளைத்த ஒரு கம்பி தொங்கும். நமக்குரிய தலையை அதில் தேடுவோம். அந்த ஆண்டு நிறுவனங்கள் மைக்ரோ யுஎஸ்பிக்குத் தாமாக முன்வந்து ஒப்பந்தம் போட்டன. நம் கடைகளில் வி8 என்று கேட்பது அந்த மைக்ரோ யுஎஸ்பிதான். வகைகள் குறைந்தன, ஆனால் எல்லோரும் ஒன்றுக்குள் வரவில்லை. ஆப்பிள் 2012இல் லைட்னிங் என்று தனிப் பின் கொண்டுவந்தது.

2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 வாக்குகள் ஆதரவாகவும் 13 எதிராகவும் பதிவாக, டைப்-சி துளையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கைப்பேசி, டேப்லெட், கேமரா போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28இல் நடைமுறைக்கு வந்தது. மடிக்கணினிக்கு வைத்த நாள் 2026 ஏப்ரல் 28. ஆப்பிளும் 2023 செப்டம்பரில் ஐபோன் 15ஐ டைப்-சியுடன் வெளியிட்டது. தூக்கி எறியப்படும், பயன்படுத்தாமல் கிடக்கும் சார்ஜர்களால் ஆண்டுக்கு 11,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது ஒன்றியத்தின் மதிப்பீடு.

எல்லோரும் பேசியது துளையைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு: பெட்டிக்குள் தகவி இருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டி மேலேயே படமாகக் காட்ட வேண்டும், கருவிக்குக் குறைந்தது எத்தனை வாட், அதிகபட்சம் எத்தனை வாட் வேண்டும் என்று எண்ணாலும் குறிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்தால் அறிந்துகொள்வார். பிரேசில் வேறு வழியில் போனது. சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் தடை போட்டு அபராதமும் விதித்தது. நான் ஐரோப்பிய வழிக்கே வாக்களிப்பேன். வீட்டில் தகவி இருப்பவர் மேல் இன்னொன்றைத் திணிக்க வேண்டாம். இல்லாதவரிடம் அதை மறைக்கவும் வேண்டாம்.

இந்தியாவிலும் வேலை தொடங்கியிருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 நவம்பரில் நிறுவனங்களைக் கூட்டிப் பேசியது; அதை ஒட்டி இந்தியத் தரநிலைகள் பணியகம் (பிஐஎஸ்) டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. ஆனால் பெட்டி மேல் படம் வேண்டும் என்ற பேச்சு இங்கே அவ்வளவாக எழவில்லை. எழ வேண்டும், தமிழிலும் எழ வேண்டும்.

துளை ஒன்றானாலும் வேகம் ஒன்றாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைப்-சி கம்பியைச் செருகியதும் தகவியும் கைப்பேசியும் தமக்குள் பேசிக்கொள்கின்றன: என்னால் 9 வோல்ட் தர முடியும், உனக்கு வேண்டுமா என்கிறது ஒன்று, தா என்கிறது மற்றது. மொழி புரியாவிட்டால் இரண்டும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஒரு நிறுவனத்தின் 67 வாட் கட்டி இன்னொரு நிறுவனத்தின் கைப்பேசியில் ஆமையாய் ஊர்வது இதனால்தான். எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது முத்திரை இல்லாத மலிவுக் கட்டிகளைப் பார்த்து. வாங்கும்போது அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்: உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், வெளியீடு இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர், கட்டத்துக்குள் கட்டமாக இரட்டைக் காப்புக் குறி, பக்கத்தில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும்.

சொல்லின் கிளைகளையும் குறித்துவைக்கலாம். மின்னேற்று என்பது வினை; மின்னேறு என்பது தானாக நிகழ்வது; மின்னேற்றம் என்பது செயல்; மின்னிறக்கம் என்றால் டிஸ்சார்ஜ்; மிகையேற்றம் என்றால் ஓவர் சார்ஜ். மின்வண்டிகளுக்கு மின்னேற்று நிலையம். அங்கேயும் பழைய பிரச்சினைதான்: வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி மாறுமின்சாரத்தை அப்படியே அனுப்பும், உண்மையான மின்னேற்றி காருக்குள் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்து வேக நிலையத்தில் மட்டும் அது வெளியே நிற்கிறது.

மின்னேற்றி நீளமாக இருக்கிறது, வாயில் நுழையாது என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். எழுத்தில் எண்ணிப் பார்த்தால் ஐந்து. பேச்சில் காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது. இதுவும் மின்னேத்தி ஆகிவிடும். "அந்த மின்னேத்திய எடு" என்று ஒரு வாரமாக வீட்டில் சொல்லிப் பார்த்தேன். நான்காம் நாள் அம்மா திருப்பிக் கேட்டார்: "எந்த மின்னேத்தி, சி டைப்பா?"